அடுத்து எந்தக் கணவாய்? நான்கு பேர், நான்கு வழிகள்

கணவாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாலக்காடும் செங்கோட்டையும் ஆரல்வாய்மொழியும்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் அறைய, கண்ணயர்ந்து விழிப்பதற்குள் கடந்துவிடுகிற இடங்கள். (கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் குழம்பு நினைவுக்கு வரும்; அது வேறு கணவாய்.) இமயத்தில் ‘லா’ என்றும் ‘ஜோத்’ என்றும் சொல்வதும் இதே பொருளில்தான்: இரண்டு மலைகளுக்கு நடுவே இருப்பதற்குள் தாழ்வான இடம். அந்தத் தாழ்வான இடமே தொட்டபெட்டாவைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

கடந்த ஆண்டு நாங்கள் நான்கு பேர் மணாலி பக்கத்து ஹம்ப்டா கணவாயைக் கடந்தோம். நான், என் மைத்துனர், கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர், அவருடைய மகள். உயரம் 4,270 மீட்டர். ஒரு பக்கம் குலுவின் பச்சை, மறுபக்கம் லாஹௌலின் மொட்டைப் பாறை. நால்வரும் நன்றாகவே நடந்தோம். அதனால்தான் இப்போது தகராறு. இன்னும் பெரியதாக ஒன்று வேண்டும் என்பதில் ஒற்றுமை. எது என்பதில் நான்கு கட்சி. மைத்துனருக்கு நேபாளத்தின் தோரோங் லா. நண்பருக்கு அதே நாட்டின் கூட்டமில்லாத லார்கியா லா. அவர் மகளுக்கு இமாச்சலின் ‘பின் பார்வதி’ கணவாய், அதற்குக் கீழே எதுவும் கண்ணில் படுவதில்லை. எனக்கு முதலில் தோன்றியது உத்தராகண்டிலிருந்து இமாச்சலுக்குப் போகும் ரூபின் கணவாய்.

மைத்துனர் ஒரு தாளில் உயரங்களை வரிசையாக எழுதினார். தோரோங் 5,416 மீட்டர், பின் பார்வதி 5,319, லார்கியா 5,106, ரூபின் 4,650. மேலே இருப்பது கடினம், கீழே இருப்பது சுலபம் என்பது அவர் கணக்கு. பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் மலையில் இது செல்லாது. இந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதைவிட இரண்டாவது இடத்தில் இருப்பது பல மடங்கு கடினம். உயரத்தில் அவற்றுக்கிடையே நூறு மீட்டர்கூட வித்தியாசமில்லை.

நான் கேட்பவை இரண்டே கேள்விகள். கணவாயைக் கடக்கும் நாளுக்கு முந்தைய இரவுகளில் எங்கெங்கே தூங்குகிறோம்? நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால், எத்தனை மணி நேரத்தில், எந்தப் பக்கம் இறங்க முடியும்? முதல் கேள்வியின் முக்கியத்துவத்தை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாந்தியெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

தோரோங்கில் இது எனக்கு இரண்டாம் முறையாக இருக்கும். முதல் முறை ஓர் ஏற்பாட்டாளரின் அவசரத் திட்டத்தில் சேர்ந்து போனேன். வழி தொடங்கும் பெசிசஹாரிலிருந்து கணவாய்க்குக் கீழே இருக்கும் மனாங் என்ற ஊர் வரை ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். 760 மீட்டரிலிருந்து 3,540 மீட்டருக்கு இரண்டு நாளில். மனாங்கில் ஒரே இரவு. அடுத்தது யாக் கர்க்கா, அதற்கடுத்த இரவு 4,850 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஹை கேம்ப். அங்கே இரவு பதினொரு மணிக்குத் தலைவலி தொடங்கியது. பிடரியிலிருந்து நெற்றிவரை யாரோ கயிறு கட்டி இறுக்குவது போன்ற வலி. இரண்டு மணிக்குச் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. நான்கு மணிக்கு மற்றவர்கள் நெற்றி விளக்கோடு மேலே போக, நான் ஒரு போர்ட்டரோடு கீழே இறங்கினேன். ஹை கேம்புக்குக் கீழே இருக்கும் தோரோங் பேடி என்ற தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது பாதி வலி போய்விட்டது. யாக் கர்க்காவில் பசித்தது. உயரத்தில் வரும் நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான் என்று அன்று உடம்புக்கே புரிந்தது.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, இரவு எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு. இளமையும் உடற்பயிற்சியும் இதில் சலுகை வாங்கித் தராது. வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஒரே இரவில் ஏறி இறங்குகிறவருக்கும் மனாங்கில் தலை வலிக்கலாம். வெள்ளியங்கிரி காலுக்குப் பயிற்சி தரும், ரத்தத்துக்குத் தராது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் தோரோங் வழி எப்படி இருக்கிறது? ஜீப்பில் போனால் நான்கிலும் ஆபத்தான வழி, நடந்து போனால் நான்கிலும் பத்திரமான வழி. இதை மைத்துனருக்குப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. சாலை வந்ததால் பயணம் சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சாலை, உடம்பு பழகுவதற்கு இருந்த நாட்களைத் திருடிக்கொண்டது. அந்தக் காலத்தில் பெசிசஹாரிலிருந்து ஒரு வாரம் நடந்து மனாங் வந்தவர்களுக்கு அந்த நடையே மருந்து.

நடக்கிறவர்களுக்கு இந்த வழி நிறையவே தருகிறது. சாமே 2,670 மீட்டர். அதுவரை ஜீப்பில் போவதில் தவறில்லை. அங்கிருந்து மேல் பிசாங், கியாரு, ஙாவல் என்று மேட்டுப்பாதையில் போனால், எதிரே அன்னபூர்ணாவின் சிகரங்கள் நாள் முழுக்கக் கூடவே வருகின்றன. ஙாவல் மனாங்கைவிடச் சற்று உயரம். அதனால் ஒரு இரவு அங்கே தூங்கிவிட்டு மனாங்குக்கு இறங்கி வருவது உடம்புக்கு நல்லது. மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் இருக்கிறது. நடைக் காலத்தில் மருத்துவர்கள் தங்கியிருந்து, மாலையில் உயர நோய் பற்றி வகுப்பெடுக்கிறார்கள். முதல் முறை நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை, களைப்பு. அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கும் தோரோங்கின் பதில் நல்ல பதில். ஹை கேம்ப் வரை ஒவ்வொரு சில மணி நேர நடைக்கும் ஒரு தேநீர் விடுதி. கட்டில், கம்பளி, பருப்புச் சோறு. மனாங்குக்கு இறங்கிவிட்டால் ஜீப் உண்டு. மறுபக்கம் முக்திநாத்தில் சாலை. ஜோம்சோமில் விமான நிலையம்.

முக்திநாத் என்றவுடன் வீட்டில் பெரியவர்களின் முகம் மாறும். திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் இதுவே என்று நூற்றெட்டுத் திருப்பதி யாத்திரை போகிறவர்கள் பலரும் கொள்கிறார்கள். (சென்னைச் சாலிகிராமம் அல்ல.) நூற்றெட்டு நீர்த்தாரைகளில் தலை நனைக்க, பொக்ராவிலிருந்து விமானமோ ஜீப்போ பிடித்து, எழுபது வயதில் ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு வந்து இறங்குகிறவர்கள் உண்டு. கணவாய் வழியாக வருகிற நாம் மேலேயிருந்து 1,600 மீட்டர் இறங்கி, முழங்கால் நடுங்க அதே கோவிலுக்கு வந்து சேர்வோம். என் அம்மாவுக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த ஒரே பகுதி இதுதான்.

தோரோங்கைப் பற்றிப் பேசும்போது 2014ஐ மறைத்துப் பேசக் கூடாது. அந்த அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் எச்சம் இரண்டே நாளில் நேபாளத்துக்குப் போய்ப் பனியாகக் கொட்டியது. நடைக் காலத்தின் உச்சத்தில், தோரோங்கிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரும் மூடுபனியில் வழி தெரியாமல், நிற்பதா நடப்பதா என்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். அக்டோபரில் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். புயல் ஆந்திரக் கரைக்கோ ஒடிசாவுக்கோ போகிறது என்றால் ‘நமக்கில்லை’ என்று பெருமூச்சு விடுவோம். இமயத்தில் நடக்கிற அந்த இரண்டு வாரம் மட்டும் அந்தப் பெருமூச்சை விடக் கூடாது. கீழேயே தங்கி, வானம் வெளுக்கும் வரை சீட்டாட வேண்டும்.

லார்கியா லா பற்றி நண்பர் சொல்வதில் பாதி சரி. மனாஸ்லுவைச் சுற்றிப் போகிற வழி அது. 8,163 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை சாமாகாவ்ம் ஊரில் முற்றத்தில் நின்றுகொண்டு பார்க்கலாம். கீழிருந்து மேலே போகும் ஏற்றம் மெதுவானது. புடி கண்டகி ஆற்றங்கரையில் 900 மீட்டருக்கும் கீழே தொடங்கி, ஒரு வாரம் ஏறித்தான் சாமாகாவ்ம் வர முடியும். நடுவில் ஜீப் குறுக்கிட்டு நம்மைக் கெடுக்க வாய்ப்பில்லை. முதல் கேள்விக்கு இதைவிடச் சிறந்த வழி இந்த நான்கில் இல்லை.

கடக்கும் நாள்தான் இடிக்கிறது. முந்தைய இரவு தங்கும் தர்மசாலா 4,460 மீட்டரில், சில கல் அறைகளும் கூடாரங்களும் மட்டுமே உள்ள இடம். அங்கிருந்து விடியுமுன் கிளம்பி, கற்குவியல்களின் மேல் ஏறி இறங்கி, கணவாயைத் தாண்டி, பிம்தாங் வரை எட்டு முதல் பத்து மணி நேரம். நடுவில் ஒதுங்க ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டுப் பகுதி என்பதால் தனி அனுமதி வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை முதல் ஏழு நாளுக்கு 100 டாலர், அதோடு மனாஸ்லு, அன்னபூர்ணா காப்புப் பகுதிகளின் கட்டணங்கள் தனி. வழிகாட்டி கட்டாயம். நல்ல வழி, அழகான வழி. பதினாறு நாளுக்குக் குறையாமல் விடுப்பு கிடைக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் நால்வரில் இருவருக்குக் கிடைக்காது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின் பார்வதிக்கு வருகிறேன். நண்பரின் மகளோடு இதைப் பேசும்போது குரலை உயர்த்தாமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

அவள் ஆசையில் குறையில்லை. குலுவின் பார்வதிப் பள்ளத்தாக்கில் பர்ஷேனியிலிருந்து கிளம்பி, கீர்கங்காவின் வெந்நீர் ஊற்றைத் தாண்டினால் ஊர்கள் முடிந்துவிடுகின்றன. பிறகு தேவதாரு, பூர்ஜ மரம், புல்வெளி, கடைசியில் கல்லும் பனியும். பாண்டு புல் என்ற இடத்தில் ஆற்றின் மேல் ஒரு ராட்சதப் பாறை பாலமாகக் கிடக்கிறது. பாண்டவர்கள் போட்டது என்பார்கள். மாந்தலாய் ஏரிக்கரையில் திரிசூலங்கள் நட்ட சிறு சிவன் இடம். அதற்கு மேலே பனியாறு. கணவாயைத் தாண்டினால் ஸ்பிதியின் காவி நிற மலைகள், முத் என்ற சிற்றூர். இந்த நான்கில் மனம் இதற்குத்தான் போகிறது, எனக்கும்தான்.

ஆனால் என் இரண்டாவது கேள்வியை அவளிடம் கேட்டேன். மாந்தலாய்க்கு மேலே உனக்கு மூச்சுத் திணறினால்? படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். குடித்தவரைப் போல் தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் உடனே இறங்க வேண்டும். தோரோங்கில் ‘உடனே’ என்றால் நான் இறங்கியது போல இரண்டு மூன்று மணி நேரம். மாந்தலாயில் ‘உடனே’ என்றால், ஓடைகளைக் கடந்து, பாண்டு புல் பாறையில் ஏறி இறங்கி, கீர்கங்கா வரை இரண்டு மூன்று நாள். செல்பேசி அலைவரிசை இல்லை. இந்தியாவில் அரசின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பதே குற்றம் என்பதால் அந்த வழியும் நமக்கில்லை. ஒருவர் நடந்து போய்த்தான் செய்தி சொல்ல வேண்டும்.

பனியாறு வேறு. மேலே புதுப்பனி மூடியிருக்க, அடியில் பிளவு வாய் திறந்திருக்கும். இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராக, முன்னே போகிறவர் கோலால் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நாங்கள் நால்வரும் இதுவரை கயிறு கட்டி நடந்ததே இல்லை. 2021 அக்டோபரில் ஹர்சிலிலிருந்து சித்குலுக்குப் போகும் லம்காகா கணவாயில் ஒரு குழுவே மோசமான வானிலையில் சிக்கிப் பலர் இறந்தது செய்திகளில் வந்தது. அதுவும் இதே வகை வழிதான்: 5,000 மீட்டருக்கு மேலே, ஊர்களே இல்லாத, இரு மாநிலத்துக்கு நடுவே உதவி வந்து சேர நாளாகும் இடம்.

காலமும் இடுக்கானது. ஜூலை, ஆகஸ்டில் குலுப் பக்கம் பருவமழை, ஓடைகள் பெருகும். செப்டம்பர் கடைசியில் புதுப்பனி தொடங்கலாம். நடுவே சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் மழை பெய்துவிட்டால், ‘விடுப்பு முடிகிறதே’ என்ற நினைப்பு முடிவெடுக்கத் தொடங்கும். மலையில் ஆளைக் கொல்லும் நினைப்புகளில் அது முதன்மையானது. முதலில் 5,000 மீட்டரில் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று ஊர்கள் உள்ள வழியில் பார்த்துக்கொள், பனிமலைப் பயிற்சி ஒன்றில் கயிறும் பனிக்கோடரியும் பழகு, அதன் பிறகு நானே உன்னோடு வருகிறேன் என்றேன். ‘அதற்குள் உங்களுக்கு ஐம்பது வயது ஆகிவிடுமே’ என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என்னுடைய ரூபினுக்கு வந்த கதி வேறு. உத்தராகண்டின் தௌலாவில் தொடங்கி இமாச்சலின் சாங்லாவில் முடிகிற இந்த வழியை நான் விரும்பியதற்குக் காரணம் அதன் படிக்கட்டு ஏற்றம். சுமார் 1,600 மீட்டரில் தொடங்கி, ஊர், காடு, புல்வெளி என்று ஒவ்வொரு இரவும் அளவாக உயர்ந்து, மூன்று அடுக்காக விழும் அருவியின் தலைமேல் 4,050 மீட்டரில் ஒரு முகாம். கடைசியில் ஓடை போன்ற இடுக்கில் செங்குத்தாக ஏறினால் கணவாய். எட்டு நாளில் முடிந்துவிடும், பாஸ்போர்ட் பேச்சே இல்லை, செலவும் குறைவு. ஜாக்கா ஊருக்கு மேலே கூடாரம்தான், ஆனாலும் இரண்டு நாளில் ஊருக்கு இறங்கிவிடலாம். ஜூனில் அந்த இடுக்கு முழுக்கப் பனி இறுகிக் கிடக்கும். பூட்ஸுக்குக் கீழே இரும்புப் பல் மாட்டி, வழிகாட்டி வெட்டித் தரும் படியில் கால் வைத்து ஏற வேண்டும். செப்டம்பரில் பனிக்குப் பதில் உருளும் கல். இரண்டில் நான் பனியையே விரும்புவேன், விழுந்தாலும் அது கூடவே உருண்டு வராது.

ஜூனில் விடுப்பு உள்ளவர்கள், ஹம்ப்டா போல ஒன்றை முடித்தவர்கள், இந்தியாவுக்குள்ளேயே போக விரும்புகிறவர்கள் வேறெதையும் பார்க்காமல் ரூபின் போகலாம். எங்களுக்கு விடுப்பு அக்டோபரில். ஐந்தாயிரத்தைத் தொட வேண்டும் என்ற ஆசையும் மூன்று பேருக்கு இருக்கிறது. ஜனநாயகத்தில் நான் சிறுபான்மை.

எனவே தோரோங். ஆனால் என் நிபந்தனைகளோடு. மனாங்குக்கு ஜீப் கிடையாது, சாமேயிலிருந்து நடை. ஙாவலில் ஒரு இரவு, மனாங்கில் மூன்று இரவு. அதில் ஒரு பகலில் 4,600 மீட்டர் வரை ஐஸ் லேக் போய்விட்டு இறங்கித் தூங்குவது. ஹை கேம்பில் தூங்கப்போவதில்லை. பேடியிலேயே, சுமார் 4,500 மீட்டரில், படுத்துவிட்டு அதிகாலை மூன்றரைக்குக் கிளம்புவது. கடக்கும் நாளில் ஏற்றம் கூடுதலாகும், மைத்துனர் முனகுவார். இரவு எனக்குத் தலை வலிக்காது. வெயில் ஏறினால் கணவாயில் காற்று சீறத் தொடங்கும் என்பதால் ஒன்பது மணிக்குள் மேலே இருக்க வேண்டும். நேபாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையர்களுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று அறிவித்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் ஒருவரை அமர்த்தியிருப்பேன். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை அவரவர் மருத்துவரிடம் கேட்டுத்தான் போடுவது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத நண்பருக்கு அது ஆகாமல் போகலாம். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று பார்க்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. இவற்றுக்கு மேல் இரண்டு உபரி நாட்கள். வங்கக் கடலில் ஏதாவது உருவானால் மனாங்கில் உட்கார்ந்து செலவழிக்க.

இன்னொன்றும் பேசி முடித்தாயிற்று. யாராவது திரும்ப வேண்டி வந்தால், நான் இறங்கியது போல அறிமுகமில்லாத ஒருவரோடு தனியாக அனுப்புவதில்லை. நம்மில் இன்னொருவரும் கூடவே இறங்க வேண்டும், கணவாய் கண்ணெதிரே இருந்தாலும். அந்த இன்னொருவர் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றேன். வேண்டாம், நானே இறங்குகிறேன் என்று மைத்துனர் உடனே கை தூக்கினார். மனாங்கின் பேக்கரிகளில் ஆப்பிள் பை கிடைக்கும் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.